அனாமத்துக் கணக்கு

ஏழு வருடமாகப் புல்வெட்டி
எங்கள் சமையலறையில் குடியிருந்தது,
ஃப்ரிட்ஜுக்கும் அரிசி வாளிக்கும் நடுவே.
வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டக் குனிவதைப் பார்த்தால்
அதற்கு ஏதோ மரியாதை செய்வதுபோல் இருக்கும்.

"கொட்டகையை ரெடிமேடாக வாங்கிவிடலாம்" என்றான் சேந்தன்.
நான் மரம், திருகாணி, கூரைக்குத் தார்த்தாள் என்று
தனித்தனியே விலை போட்டுக் கூட்டினேன்.
நூற்று நாற்பது பவுன் மிச்சம்.
மிச்சம் என்ற சொல்
என்னை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகும்.

(ரம்பம் அறுபத்தெட்டு, துளைபோடும் மெஷின் எண்பது,
ரசமட்டம் பன்னிரண்டு.
இவற்றை அன்றைக்கு
எந்தத் தலைப்பிலும் எழுதவில்லை.)

மே மாதக் கடைசித் திங்கள், வங்கி விடுமுறை.
பிரெஸ்டனில் அதிசயமாக வெயில்.
பதினெட்டு வருடம் பிறர் கணக்கைச் சரிபார்த்த கை
முதல் பலகையை அறுத்தபோது
ரம்பம் கோட்டை விட்டு விலகி
தனக்குத் தெரிந்த வழியில் போனது.
இரண்டாவது பலகையில் கொஞ்சம் சொன்னபடி கேட்டது.
மூன்றாவதை அறுத்து முடித்ததும்
நான்தான் தச்சன் என்று எனக்கே தோன்றிவிட்டது.
தப்பு அங்கேதான் நுழைந்திருக்க வேண்டும்.

மாலைக்குள் நான்கு சுவரும் நின்றன.
சேந்தன் நைட் ஷிப்டுக்குக் கிளம்புமுன்
ஒரு கை கொடுத்துவிட்டுப் போனான்.
மூன்று மூலையில் மரமும் மரமும் கட்டிப்பிடித்தன.
நான்காவதில் பெருவிரல் நுழையும் வெளிச்சம்.
அதற்கு அப்பால்
கிளெனிஸ் வீட்டுப் பூனையின் ஒற்றைக் கண்.

சுத்தியலால் தட்டினேன். கயிற்றால் இழுத்துக் கட்டினேன்.
"மரம் காய்ந்து சுருங்கியிருக்கும்" என்று
மரத்தின் மேல் பழியைப் போட்டேன்,
மதியம்தான் லாரியில் வந்து இறங்கிய மரத்தின் மேல்.

பிறகு டேப்பை வைத்து அளந்தேன்.
இடைவெளி இருபத்தேழு மில்லிமீட்டர்.

இருபத்தேழு.
அந்த எண்ணைக் கேட்டதும்
எனக்குள் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
இருப்பாய்வு இடித்தால் முதலில்
வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்;
மீதியில்லாமல் வகுபட்டால்
எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.
வகுத்தேன். மூன்று.
ஆக, தங்களுக்குள் மூன்று வித்தியாசப்படும்
இரண்டு இலக்கங்கள்.

சமையலறைக்கு ஓடினேன்.
புல்வெட்டியின் மேல் கிடந்த தாளில் 1863.
திரும்பி வந்து வலதுபக்கச் சுவரில்
டார்ச் அடித்துத் தேடினேன்.
பென்சிலில், என் கையெழுத்தில், அழகாக,
அடிக்கோடு கூடப் போட்டு
1836.

புல்லில் உட்கார்ந்து சிரித்தேன்.
வேலியின் மேல் கிளெனிஸின் தலை எழுந்தது.
கொட்டகையை மேலும் கீழும் பார்த்தது.
"அவ்வளவு மோசமில்லை."
இந்த ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பேரேட்டில் என்றால்
ஒரு கோடு, ஒரு சுருக்கொப்பம், ஒரு திருத்தப் பதிவு.
அறுத்த பலகை வளராது.
கழிவுக் குவியலில் துழாவி
ஒரு நீளச் சீவலை எடுத்து
அந்தச் சந்தில் வைத்து அறைந்தேன்.
பொருந்தியது என்று சொல்ல மாட்டேன்.
கண்டுபிடிக்க முடியாத வித்தியாசத்தை
வருடக் கடைசியில் அனாமத்தில் தள்ளுவோமே,
அதுபோல.
இது கண்டுபிடித்த பிறகும் தள்ளியது.

மறுநாள் தார்த்தாள் ஒட்டி, கதவு மாட்டி,
ரம்பத்தையும் மெஷினையும் ரசமட்டத்தையும்
உள்ளே அடுக்கினேன்.
புல்வெட்டிக்கும் இடம் இருந்தது,
பக்கவாட்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

புதன்கிழமை ராத்திரி தணிக்கைக்கு வந்தது மழை.
இந்த ஊர் மழைக்கு அவசரம் கிடையாது.
ஒவ்வொரு ஆணியாகக் கூப்பிட்டு விசாரித்தது.
விடியும்வரை படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் போய்த் திறந்தேன்.
தரை காய்ந்திருந்தது. சீவலுக்குக் கீழே மட்டும்
உள்ளங்கை அளவு ஈரம்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
அதைச் சுற்றி ஒரு கோடு போட்டேன்,
பக்கத்தில் தேதி.
1836ஐ அழிக்கவில்லை.
அதன் கீழே சின்னதாய்
சுருக்கொப்பம் வைத்தேன்.